அயல்மொழித் திரைப்படத் தேர்வும் துணைவரியின் எல்லையும்

1. சிக்கல்

மொழி, மொழிபெயர்ப்பு வகுப்புகளில் அயல்நாட்டுத் திரைப்படம் ஒன்றைத் தேர்ந்து திறனாய்வுக் கட்டுரை எழுதுமாறு மாணவரைப் பணிப்பதுண்டு. இயக்குநரின் புகழ், படம் பெற்ற விருது, கதைப்பொருள் ஆகியவையே பெரும்பாலும் தேர்வின் அளவுகோல்களாக அமைகின்றன. படத்தின் மொழி கருதப்படுவதில்லை. இதன் விளைவாக, ஜப்பானியப் படம் பற்றியது எனத் தலைப்பிடப்பெறும் கட்டுரை அப்படத்தின் ஆங்கிலத் துணைவரிகளைப் பற்றியதாகவே முடிந்துவிடுகிறது. சப்டைட்டில் எனப்படும் இத்துணைவரிகள் எவற்றை விட்டுவிடுகின்றன என்பதைத் தேர்வின்போதே கருதவேண்டும் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

2. 'அயல்' என்னும் சொல்

அயல்நாட்டுப் படம், அயல்மொழிப் படம் என்னும் இரண்டும் ஒன்றல்ல. சிங்கள இயக்குநரான தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி' (1977) இலங்கைப் படம். அதன் மொழியோ தமிழ். அமெரிக்காவின் ஆஸ்கார் விருதுக் குழு 'அயல்மொழிப் படம்' என்னும் பிரிவின் பெயரை 2019இல் 'பன்னாட்டுப் படம்' என மாற்றியது. ஆயினும், உரையாடலின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் அமைந்திருந்த காரணத்தால் நைஜீரியாவின் 'லயன்ஹார்ட்' அதே ஆண்டில் அப்பிரிவிலிருந்து நீக்கப்பட்டது. பெயர் மாறியும் மொழி என்னும் அளவுகோல் மாறவில்லை. மொழி வகுப்பிற்கும் அதுவே உரிய அளவுகோலாகும்.

3. நஞ்சன்கூட்டின் செவிப்பழக்கம்

மைசூருவுக்குத் தெற்கே, கபினி ஆற்றங்கரையில், நீலகிரிக்கும் வயநாட்டுக்கும் செல்லும் சாலையில் அமைந்தது நஞ்சன்கூடு. இங்குக் கன்னடம் கற்ற மாணவருக்குத் தமிழ்ப் படமே 'பரபாஷா' படம், அதாவது பிறமொழிப் படம் ஆகும். டப்பிங் எனப்படும் குரல்மாற்றத்திற்குக் கர்நாடகத்தில் 1960களில் எதிர்ப்பு எழுந்தது. அதன் விளைவாகத் தமிழ், தெலுங்கு, இந்திப் படங்கள் அரை நூற்றாண்டளவு தத்தம் மொழியிலேயே அங்குத் திரையிடப்பட்டு வந்தன. இக்கட்டுப்பாடு போட்டிச் சட்டத்திற்கு முரணானது என இந்தியப் போட்டி ஆணையம் 2015இல் ஆணையிட்ட பின்னரே நிலைமை மாறலாயிற்று. குரல்மாற்றத்தைத் தடுத்தது சரியா என்பது வேறு வினா. பிறமொழியை அதன் ஒலியிலேயே கேட்டுப் பொருள் கொள்ளும் பழக்கம் பார்வையாளரிடம் வளர்ந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. சிவமொக்கா மாவட்டத்து ஹெக்கோடு சிற்றூரில், கே. வி. சுப்பண்ணாவின் தலைமையில் நீநாசம் அமைப்பு 1970கள் முதல் உலகப் படங்களைக் கிராம மக்களுக்குக் காட்டியதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. இத்தகைய செவிப்பழக்கம் உடைய மாணவரைத் துணைவரியை மட்டும் படிக்கச் செய்வது, அவரிடம் உள்ள திறனைப் பயன்படுத்தாமல் விடுவதாகும்.

4. இரு எடுத்துக்காட்டுகள்

யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) படத்தில் ஓனோமிச்சி ஊரிலிருந்து முதிய பெற்றோர் டோக்கியோவில் வாழும் மக்களைக் காண வருகின்றனர். பெற்றோரின் பேச்சில் ஓனோமிச்சி வட்டாரக் கிளைமொழி ஒலிக்கிறது. டோக்கியோ மக்கள் பேசுவது பொதுமொழி. மகள் ஷிகே மதிப்பு வடிவங்கள் அற்ற வெற்றுநடையில் பேசுகிறாள். இறந்துபோன மகனின் மனைவி நொரிக்கோவோ மதிப்பு வடிவங்கள் நிறைந்த நடையில் பேசுகிறாள். இவ்வேறுபாடுகள் அனைத்தும் ஆங்கிலத்தில் ஒரே முன்னிலைப் பெயருக்குள் அடங்கிவிடுகின்றன.

இதனைத் தமிழாக்கும் மாணவர் ஒவ்வொரு தொடரிலும் 'நீ', 'நீங்கள்' ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். கன்னடத்திலும் 'நீனு', 'நீவு' என்னும் தேர்வு உண்டு. பெற்றோரிடம் பேசுவது மதிப்புடன் இருத்தல் வேண்டும் எனக் கருதி இரு பெண்களுக்கும் 'நீங்கள்' என்பதையே அவர் வழங்கக்கூடும். அவ்வாறு செய்யின், வயிற்றுப் பிள்ளைக்கும் மருமகளுக்கும் இடையில் பேச்சு காட்டும் வேறுபாடு தமிழிலும் அழிந்துவிடும். ஆங்கிலத்தில் இடமில்லாத வேறுபாட்டைக் காட்டத் தமிழில் இடமிருந்தும் அது இழக்கப்படுகிறது. மருமகளின் நெருக்கமே கதையின் உயிர்நாடி ஆதலின் இவ்விழப்பு சிறிதன்று.

மஜித் மஜிதியின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்' (1997) எளிய உரையாடல் கொண்டது என்பதற்காகவே பலராலும் தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஆயினும் அதில் மொழியே பொருளாகும் காட்சி ஒன்று உண்டு. தோட்ட வேலை தேடிச் செல்லும் தந்தை, செல்வர் வீட்டு வாயிலில் உள்ள பேசுகருவியின் முன் சொல் வராமல் தடுமாறுகிறார். சிறுவன் அலி குறுக்கிட்டுத் தயக்கமின்றிப் பேசுகிறான். துணைவரி சொன்ன செய்தியைத் தருகிறது. தடுமாற்றத்தைச் செவியே தருகிறது.

5. தடையும் விடையும்

ஜப்பானியமோ பாரசீகமோ அறியாதவர் இவற்றை எங்ஙனம் உணர்வர் என்னும் வினா எழலாம். முழுப் படத்தின் மொழியையும் அறிதல் இங்கு எதிர்பார்க்கப்படவில்லை. ஜப்பானிய வினைகளின் இறுதியில் வரும் 'மஸ்' என்னும் மதிப்பு ஈறு சிலமுறை கேட்டாலே செவிக்குப் புலப்படும். ஒரு காட்சியைத் துணைவரியுடன் ஒருமுறையும், அதனை மறைத்து இருமுறையும் கேட்டு, யார் யாரிடம் எவ்வடிவத்தை ஆள்கின்றனர் எனப் பட்டியலிட்டால் போதும். ஒலியால் மட்டும் தெளிவுறாத இடங்களில் அம்மொழி அறிந்தவரை நாடலாம்.

6. முடிவு

துணைவரி அளிக்காத ஒன்றைக் கேட்டறிய இடம் தரும் காட்சி ஒன்றேனும் உள்ள படமே மொழி வகுப்பிற்குத் தகுந்தது. அத்தகைய காட்சியைச் சுட்ட இயலாத மாணவர் வேறு படத்தைத் தேர்தல் நன்று. விருதுகளின் பட்டியல் இதற்குத் துணை செய்யாது. தமிழிலும் கன்னடத்திலும் உள்ள முன்னிலை வேறுபாடுகளை அன்றாடம் ஆளும் நஞ்சன்கூட்டு மாணவருக்கு இத்தேர்வுக்கான கருவி தம் பேச்சிலேயே அமைந்துள்ளது.