மெய்யும் மெய்நிகரும்: தொழிற்பயிற்சிக் கருவிகள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தொழிலாளரைப் பணிக்கு ஆயத்தப்படுத்தும் பயிற்சிகளில் கணினிக் காட்சிக் கருவிகளின் பயன்பாடு கடந்த பத்தாண்டுகளில் பெருகியுள்ளது. ஆங்கிலத்தில் ‘வெர்ச்சுவல் ரியாலிட்டி’ எனப்படுவது, தலையில் அணியும் திரைக்கருவியின் வழியாகப் பயில்வோரை முற்றிலும் வேறோர் இடத்தில் இருப்பதுபோல் உணரச் செய்வது. ‘ஆக்மெண்டட் ரியாலிட்டி’ எனப்படுவதோ, கண்முன் உள்ள உண்மைப் பொருளின்மீதே கணினி வரையும் குறிகளைப் பொருத்திக் காட்டுவது. முன்னதை மெய்நிகர் என்றும் பின்னதை மிகைமெய் என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுகின்றோம்.

இக்கருவிகளை வரவேற்போரின் வாதத்தைச் சுருக்கமாகக் கூறின், அது ‘படாமலே பட்டறிவு’ என்பதாகும். தீயில் வேகாமலே தீயணைக்கவும், உயரத்திலிருந்து விழாமலே விழாதிருக்கவும், நோயாளிக்குக் கேடு விளைவிக்காமலே அறுவை செய்யவும் கற்கலாம் என்பர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும் எத்தொழிலுக்கு, எந்த அளவுக்கு, யாருடைய நன்மைக்காக என்னும் வினாக்களை எழுப்பாமல் அதனை ஏற்றல் ஆகாது. இவ்வினாக்களுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெய் என்னும் சொல்

திறனாய்வுக்கு வேண்டிய அளவுகோல் ஒன்று நம் மொழியிலேயே உள்ளது. ‘மெய்’ என்னும் சொல் உண்மையையும் குறிக்கும், உடலையும் குறிக்கும். மெய், வாய், கண், மூக்கு, செவி என ஐம்பொறிகளை எண்ணுமிடத்து அது தொடுவுணர்வுக்கு இடமான உடலையே சுட்டுகின்றது. தொல்காப்பிய மரபியலும் உயிர்களை அறிவின் வழி வகுக்குமிடத்து உற்றறிதலை முதலாவதாக வைக்கின்றது. சுவையும் மோப்பமும் அதன்பின் வருகின்றன. காட்சி நான்காவது, கேள்வி ஐந்தாவது, மனம் ஆறாவது. இது உயிர்களின் வகைப்பாடேயன்றிப் பயிற்சிக் கொள்கையன்று. ஆயினும் இன்றைய மெய்நிகர்க் கருவியை இவ்வரிசையில் வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அக்கருவி நான்காம் அறிவிலும் ஐந்தாம் அறிவிலும் தொடங்குகின்றது. முதல் மூன்றும் பெரும்பாலும் விடுபடுகின்றன. மெய்நிகர் எனப் பெயர்பெற்ற ஒன்றில் இல்லாதிருப்பது மெய்யே.

கையில் பிடிக்கும் விசைப்பிடிகள் அதிர்கின்றன. தொடுவுணர்வு தரும் கையுறைகளும் உருவாக்கப்பட்டுள்ளன என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் பரவலாகப் பயன்படும் கருவிகளில் சுத்தியலின் எடையோ, இறுக்கிய திருகு மறைகழன்று வழுக்கும் உணர்வோ, சூடேறிய மின்கம்பியின் நாற்றமோ கிடைப்பதில்லை. கைத்தொழிலாளி ஒருவர் ‘கைப்பழக்கம்’ எனக் கூறுவது இவற்றைத்தான்.

உடலிலிருந்து தொடங்கிய பாவனைப் பயிற்சி

பாவனைப் பயிற்சியின் வரலாறு கண்ணிலிருந்து தொடங்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் பிங்கம்டன் நகரில் இசைக்கருவித் தொழிற்சாலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க் என்பவர் 1929ஆம் ஆண்டில் விமானிகளுக்கான பயிற்சிப் பொறி ஒன்றை உருவாக்கினார். காற்றழுத்தத்தால் இயங்கும் இசைப்பெட்டிகளின் துருத்திகளையே அதற்குப் பயன்படுத்தினார். விமானியின் கைத்திருப்பத்துக்கு ஏற்ப அப்பொறி சாய்ந்தது, நிமிர்ந்தது, சுழன்றது. தொடக்கத்தில் பலர் அதனை விளையாட்டுப் பொருளாகவே கருதினர். 1934ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவ வான்படை அஞ்சல் சுமக்கும் பணியை ஏற்றபோது, மோசமான வானிலையில் விமானிகள் பலர் உயிரிழந்தனர். அதன்பின்னரே வான்படை அப்பொறிகளை விலைகொடுத்து வாங்கியது.

மேலே மூடியிட்டுப் பயின்ற விமானிக்கு வெளிக்காட்சி எதுவும் தெரியாது. அளவுகாட்டிகள் மட்டுமே தெரியும். மேகத்தினுள் பறக்கும்போது உடலின் சமநிலையுணர்வு விமானியை ஏமாற்றும். அவ்வேமாற்றத்தை மீறி அளவுகாட்டியை நம்பக் கற்பதே பயிற்சியின் உள்ளீடு. உடலை நம்பாதிருக்கக் கற்பதற்கும் உடல் அங்கே இருக்கவேண்டியிருந்தது. பாவனைப் பயிற்சியின் வெற்றி, காட்சி எவ்வளவு அழகாக உள்ளது என்பதைச் சார்ந்ததன்று என்பதற்கு இஃது ஒரு சான்று. அத்தொழிலில் தவறு எங்கே நேர்கின்றதோ, அவ்விடத்தைப் பாவனை தொடவேண்டும்.

பயன் தந்த இடம்: அறுவை மருத்துவம்

இவ்வளவுகோலுக்குப் பொருந்தும் துறையாக அறுவை மருத்துவத்தைக் கூறலாம். 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில் பயிற்சி மருத்துவர் பதினறுவர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் வழக்கமான பயிற்சியுடன் மெய்நிகர்ப் பயிற்சியும் பெற்றனர். பின்னர் இரு பிரிவினரும் நுண்துளை வழியாகப் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் உண்மை அறுவையைச் செய்தனர். மெய்நிகர்ப் பயிற்சி பெற்றோர் 29 விழுக்காடு விரைவாகச் செய்தனர். அப்பயிற்சி பெறாதோர் பித்தப்பையைக் காயப்படுத்தவோ பிற திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு மிகுதியான வாய்ப்புக் காணப்பட்டது.

இம்முடிவு எடுத்துக்காட்டத் தக்கதே. ஆயினும் இது ஏன் இயன்றது என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். நுண்துளை அறுவையில் மருத்துவர் உண்மையிலேயே திரையைப் பார்த்துத்தான் பணிபுரிகிறார். உறுப்பை நேராகத் தொடுவதில்லை. நீண்ட கருவிகளின் பிடியே அவர் கையில் உள்ளது. பணியே பாதி மெய்நிகராக அமைந்த இடத்தில் மெய்நிகர்ப் பயிற்சி பொருந்தியது. மேலும், பயில்வோர் இத்தனை மணிநேரம் பயின்றால் போதும் என விடப்படவில்லை. தேர்ந்த மருத்துவர்கள் அக்கருவியில் எட்டிய தரத்தைத் தாமும் எட்டும்வரை பயின்றனர். பதினறுவர் என்பது சிறு எண்ணிக்கை என்பதும் நினைவிற்குரியது. இந்நிலைமைகள் எவையும் இல்லாத தொழில்களுக்கு, ‘மருத்துவத்தில் நிறுவப்பட்டுவிட்டது’ என்னும் ஒரு வரியைச் சான்றாக்குதல் ஆய்வு நெறியாகாது.

அங்காடியும் தனிமையும்

அத்தகைய மாற்றமே வணிகத்துறையில் நிகழ்ந்தது. வால்மார்ட் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் தன் பயிற்சிக் கூடங்களில் மெய்நிகர்ப் பயிற்சியைத் தொடங்கியது. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள தன் கடைகளுக்கு 17,000 ஆக்குலஸ் கோ கருவிகளை அனுப்புவதாக அறிவித்தது. பண்டிகைக்கால விற்பனை நாளின் நெரிசல் அப்பயிற்சிக் காட்சிகளுள் ஒன்று. பயில்வோர் கூட்டத்தின் நடுவில் நிற்பதாக உணர்வார், சுற்றிலும் நோக்குவார், கேட்கப்படும் வினாக்களுக்கு விடை தருவார்.

ஆண்டில் சில நாளே நேரும் நெரிசலை முன்கூட்டிக் காட்டுவதில் நன்மை உண்டு. எனினும் இங்கு இழக்கப்படுவது எது என்பதை விளங்கிக்கொள்ள, ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் ஆகியோர் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட சூழல்சார் கற்றல் குறித்த நூல் துணைசெய்யும். லைபீரியாவின் தையற்காரரிடம் தொழில் பழகுவோர் பொத்தான் தைத்தல், ஓரம் மடித்தல் போன்ற இறுதிக்கட்டப் பணிகளில் தொடங்கிப் படிப்படியாகத் துணி வெட்டுதலுக்கு வருவர். அதற்குள் முழு ஆடை எவ்வாறு அமைகின்றது என்பதைக் கண்டு தெளிந்திருப்பர். இதற்கு மாறாக, அமெரிக்கப் பேரங்காடிகளில் இறைச்சி வெட்டுந் தொழில் பயின்றோர் பொதிகட்டும் பொறியருகே நிறுத்தப்பட்டனர்; தேர்ந்தோர் வெட்டும் இடம் அவர்கள் கண்ணில் படவில்லை. அதனால் அவர்கள் கற்கவேண்டியதைக் கற்க இயலாமற்போயிற்று. தொழில் கற்றல் என்பது செய்தி பெறுதல் மட்டுமன்று; தொழில் செய்வோர் குழுவினுள் சிறுகச் சிறுக இடம்பெறுதலும் ஆகும் என்பது அந்நூலின் துணிபு.

திரைக்கருவியை அணிந்து தனியே நிற்கும் புதிய பணியாளர், அந்நேரத்தில் மூத்த பணியாளர் எவரையும் காண்பதில்லை, எவராலும் காணப்படுவதுமில்லை. ஆனால் கருவி அவரைக் காண்கின்றது. அவர் தலை எத்திசையில் திரும்பியது, எவ்வளவு நேரம் எங்கே நோக்கினார் என்பவை தரவாகின்றன. 2020ஆம் ஆண்டில் வெளியான ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, ஐந்து நிமிடத்துக்கும் குறைவான அசைவுத் தரவைக் கொண்டு 511 பேருள் ஒருவரை 95 விழுக்காடு சரியாக அடையாளங்காண முடியும் எனக் காட்டியது. வால்மார்ட் நிறுவனம் பதவி உயர்வுக்குரியோரைத் தேர்வதிலும் மெய்நிகர்க் காட்சிகளைப் பயன்படுத்துவதாக 2019ஆம் ஆண்டில் செய்தி வெளியானது. பயிற்சிக்கூடம் தவறு செய்ய இடமளிக்கும் என்பதே இக்கருவியின் சிறப்பாகக் கூறப்பட்டது. அத்தவறுகள் பதிவாகி மதிப்பீடாக மாறுமாயின் அச்சிறப்பு எங்கே நிற்கும்?

மிகைமெய்: வழிகாட்டலும் கற்பித்தலும்

மிகைமெய்யின் சிக்கல் வேறு வகையானது. 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய டாம் காடெல், டேவிட் மிசெல் ஆகியோரே ‘ஆக்மெண்டட் ரியாலிட்டி’ என்னும் தொடரை வழக்கிற்குக் கொணர்ந்தனர். விமானத்தின் மின்கம்பிக் கட்டுகளைப் பெரும்பலகைகளின்மீது வரிசைப்படுத்தும் பணியாளர், வரைபடத்தைப் பார்ப்பதும் பலகையைப் பார்ப்பதுமாக அலைக்கழிய வேண்டியிருந்தது. கம்பி செல்லவேண்டிய வழியைக் கண்முன்னே காட்டினால் அவ்வலைச்சல் நீங்கும் என அவர்கள் கருதினர்.

இது பணிக்கு உதவி என்பதில் ஐயமில்லை. ஆயின், பணிக்கு உதவுவதும் பணியைக் கற்பிப்பதும் ஒன்றல்ல. அம்புக்குறியைப் பின்தொடர்பவர் வேலையை முடிப்பார். அவ்வழியே ஏன் கம்பி செல்லவேண்டும் என்பதை அறிந்திருப்பார் எனக் கூறமுடியாது. மாணவர் கையைப் பிடித்து எழுத்தை எழுதுவிக்கும் ஆசிரியர், ஒரு கட்டத்தில் கையை விட்டுவிடுகிறார். விடும் நேரத்தை அறிவதே அவர் திறன். மிகைமெய்க் கருவி கையை விடுவதாக அமைக்கப்பட்டுள்ளதா என்பதே அதனைப் பயிற்சிக் கருவி எனக் கொள்வதா என்பதைத் தீர்மானிக்கும்.

கருவிகளின் ஆயுளும் கருத்திற்கொள்ள வேண்டியது. ஆக்குலஸ் கோ கருவியின் விற்பனை 2020இல் முடிவுற்றது. கூகுள் நிறுவனம் தொழிலகங்களுக்கான கண்ணாடிக் கருவியின் விற்பனையை 2023இல் நிறுத்தியது. மைக்ரோசாஃப்டு நிறுவனம் ஹோலோலென்ஸ் 2 உற்பத்தி முடிந்ததென 2024இல் அறிவித்தது. மூத்த தொழிலாளரைக் குறைத்துவிட்டுக் கருவியில் அறிவைச் சேமித்த நிறுவனம், கருவி வழக்கொழிந்தபின் அவ்வறிவை எவரிடம் கேட்கும்?

தமிழ்த் தொழிலாளரும் பயிற்சி மொழியும்

இவ்வினா நமக்குத் தொலைவானதன்று. சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர் பணிபுரிகின்றனர். பணியிட விபத்துகளில் 2022ஆம் ஆண்டில் அங்கு 46 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் முதல் 2023 மே வரை உயர்பாதுகாப்புக் காலம் நடப்பிலிருந்தது. 2023இல் 36ஆகக் குறைந்த எண்ணிக்கை 2024இல் 43ஆக உயர்ந்தது. உயரத்திலிருந்து விழுதலும் வாகன விபத்துகளும் முதன்மைக் காரணங்களுள் அடங்கும். சாரத்தின் விளிம்பில் நிற்கும் அச்சத்தைத் தரையிலேயே உணர்த்தவல்ல மெய்நிகர்ப் பயிற்சி ஓர் உயிரைக் காக்குமாயின், அதனை எதிர்க்க நமக்கு உரிமையில்லை.

ஆயினும் அக்கருவியினுள் ஒலிக்கும் குரல் எம்மொழியில், எத்தகைய தமிழில் பேசுகின்றது என்பதைக் கேட்க நமக்குக் கடமையுண்டு. ‘வீழ்தல் தடுப்பு அமைப்பினை நங்கூரப் புள்ளியுடன் இணைக்கவும்’ என ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கூறினால், அது தமிழெழுத்தில் அமைந்த ஆங்கிலமே. ‘பெல்ட்டுக் கொக்கியை மேலே மாட்டிவிட்டுப் பிறகு நகருங்கள்’ என்பது தொழிலாளருக்கு விளங்கும். தூயதமிழில் பற்றுடைய நாம் இவ்விடத்தில் ‘பெல்ட்டு’ என்னும் சொல்லுக்கு வழிவிடுதல் தகும். ஏனெனில் அச்சொல்லுக்கும் உயிருக்கும் இடையே உள்ள நேரம் மிகக் குறுகியது. மேலும், வகுப்பறையில் பயிற்றுநர் ஒருவர் இருந்தால் விளங்காதவர் முகத்தைக் கண்டு மீண்டும் கூறுவார்; திரைக்கருவியோ அம்முகத்தை மூடிவிடுகின்றது. முகம் மூடப்பட்டவரின் மௌனத்தை ஒப்புதலாகக் கொண்டு சான்றிதழ் வழங்கப்படுமாயின், பயிற்சி நிறுவனத்தின் கடமையைத்தான் காக்குமேயன்றித் தொழிலாளரைக் காக்காது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். தவறு நேரும் இடத்தைத் தொடுகின்ற, தேர்ந்தோர் தரத்தை எட்டும்வரை தொடர்கின்ற, உண்மைப் பணிக்கு முற்படியாக அமைகின்ற மெய்நிகர்ப் பயிற்சி வரவேற்கத்தக்கது. மூத்தோரின் அண்மைக்கும் கைப்பழக்கத்துக்கும் மாற்றாக, செலவைக் குறைக்கவும் கண்காணிக்கவும் கொணரப்படும் பயிற்சி அவ்வாறு ஏற்கத்தக்கதன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் கருவியை மட்டும் புகழ்தலும் இகழ்தலும் பயனற்றவை.

தமிழ் கற்பிப்போர்க்கு இதில் ஒரு பணி காத்திருக்கிறது. இப்பயிற்சிகளுக்கான தமிழ் உரைகள் நம்மைக் கேளாமலே எழுதப்படும் நிலை மாறவேண்டும். கட்டுமானத் தளத்தின் வழக்குச் சொற்களைத் தொழிலாளரிடமே கேட்டுத் தொகுத்தலும், பயிற்சி உரைகளை அவர்களிடம் படித்துக்காட்டித் திருத்துதலும் நம் துறைகளால் இயலக்கூடியவை. ‘பட்டறிவு’ என்னும் சொல்லில் ‘படுதல்’ இருக்கின்றது. படுகின்றவர் யார் என்பதை மறவாதிருப்பதே இத்துறையில் நாம் செய்யக்கூடிய முதற்பணி எனலாம்.