பெயர் மறந்த உயிர்கள்

வேங்கிக்கால் ஏரியை அடுத்த தெரு ஒன்றில், கோடை விடுமுறையின்போது சிறுவர்களுக்கென வாசிப்பு வகுப்பொன்றைச் சில நாள் நடத்தினோம். முதல் நாள், தெரிந்த காட்டு விலங்குகளின் பெயர்களை எழுதச் சொன்னோம். சிங்கம், ஒட்டகச் சிவிங்கி, கங்காரு, பனிக்கரடி என்று வரிசை நீண்டது. அண்ணாமலையின் சரிவிலே மேய்கின்ற புள்ளிமானை ஒருவரும் எழுதவில்லை. அலங்கும் தேவாங்கும் எந்தத் தாளிலும் இல்லை. பிள்ளைகளைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. அவர்கள் கையில் நாம் கொடுத்த புத்தகங்களில் அவ்வுயிர்கள் இருந்தனவா என்ற கேள்வியே நம்மை உறுத்தியது.

அந்த உறுத்தலோடு மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் கட்டுரைத் தொகுப்பை மீண்டும் கையிலெடுத்தோம். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் இவர். 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். 'ஸ்டேட்ஸ்மன்' ஆங்கில நாளேட்டில் 1950 முதல் தம் மறைவு வரை 46 ஆண்டுகள் இயற்கை பற்றிய பத்தியை எழுதியவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து 2002இல் நூலாக்கித் தந்தவர் சு. தியடோர் பாஸ்கரன்.

நம் கதைகளிலும் பழமொழிகளிலும் விலங்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அவற்றுட் பல மனித குணங்களைச் சுமக்க வந்த வேடதாரிகளே. நரி தந்திரத்திற்கும் கழுதை மூடத்தனத்திற்கும் காக்கை ஏமாளித்தனத்திற்கும் அடையாளமாகிவிட்டன. நரி எங்கே உறங்குகிறது, எதைத் தின்கிறது, ஏன் நம் ஊர்ப்புறங்களில் அருகிவிட்டது என்று அக்கதைகள் கேட்பதில்லை. கிருஷ்ணனோ கேட்டார். தாம் கண்டதைக் கண்டவாறே எளிய தமிழில் சொன்னார். விலங்கை நீதி போதிக்க அழைக்காமல், அதன் வாழ்வை அதற்கே உரியதாக விட்டு வைத்தார். இதுவே அவ்வெழுத்தின் தலையாய சிறப்பு என்போம்.

பாஸ்கரன் இம்மரபைச் சொல்லாராய்ச்சியின் வழியே மேலும் ஓரடி எடுத்துச் சென்றவர். 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' முதலிய நூல்களை எழுதிய அவர், 'வனவிலங்கு' என்ற சொல்லினும் 'காட்டுயிர்' என்ற சொல்லையே வலியுறுத்துகிறார். விலங்கு என்றால் நம் மனம் யானையோடும் புலியோடும் நின்றுவிடும். காட்டுயிர் என்றாலோ பறவையும் பாம்பும் பூச்சியும் செடிகொடியும் உள்ளே வந்துவிடும். சொல் குறுகினால் அக்கறையும் குறுகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

தேவாங்கின் கதையையே பாருங்கள். இரவில் மட்டும் வெளிவந்து பூச்சிகளைத் தின்று வாழும் சாதுவான உயிர் அது. நாமோ மெலிந்த மனிதரை ஏளனம் செய்ய அதன் பெயரை எடுத்துக்கொண்டோம். அதன் பெரிய கண்களைக் கண்டு அஞ்சி, மாந்திரீகத்திற்கும் மருந்துக்கும் என்று பிடித்துக் கொன்றோம். வசைச் சொல்லாகிப்போன உயிருக்காக யார் வழக்காட முன்வருவர்? ஆயினும் 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களைச் சார்ந்த கடவூரில் 11,806 ஹெக்டேர் பரப்பைத் தேவாங்குக்கான சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் இவ்வுயிருக்கென அமைந்த முதல் சரணாலயம் அதுவே.

மேற்குத் தொடர்ச்சி மலையின் வரையாடும் இத்தகையதே. சங்கப் புலவர்கள் 'வருடை' என்று அழைத்த இவ்விலங்கு நம் மாநில விலங்கு என்பதைக்கூடப் பலர் அறியார். இதற்கெனத் தனித் திட்டம் 2023இல் தொடங்கியது. தமிழகத்தில் 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகளும், 2025இல் 1,303 வரையாடுகளும் காணப்பட்டன. 1975இல் இதை ஆராய்ந்த ஈ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஒருவர் பொறுமையாகக் கண்டு எழுதி வைத்தது, பிற்காலத்தார் காப்பதற்கு அடித்தளமாயிற்று.

தொடக்க நூலில் ஆதாம் உயிர்களுக்குப் பெயரிடும் காட்சியை நாம் அறிவோம். பெயரிடுதலை ஆளும் உரிமையின் அடையாளமாகவே நெடுங்காலம் விளக்கி வந்தோம். அது பொறுப்பின் தொடக்கமும் அல்லவா? பிற உயிர்கள் மனிதப் பயனுக்கான வெறும் பொருள்களல்ல, அவற்றிற்கெனத் தனி மதிப்புண்டு என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதியதும் இப்பொருளிலேதான்.

எனினும் கிருஷ்ணனிடம் நமக்கொரு மனத்தாங்கல் உண்டு. மனிதத் தலையீடற்ற காடு என்பதே அவர் வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய நெறி. வேட்டையும் ஆக்கிரமிப்பும் மலிந்த காலத்தில் அக்கண்டிப்பு தேவையாகவே இருந்தது. ஆனால் நம் மாவட்டத்து ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். ஒவ்வோர் உயிரின் தடத்தையும் பெயரையும் அறிந்த அவர்களை அந்நெறியில் எங்கே நிறுத்துவது? அவர்களை வெளியே நிறுத்திவிட்டுக் காட்டைக் காப்போமாயின், பெயர்களைச் சொல்ல வல்ல நாவுகளையும் இழந்துவிடுவோம். இக்கேள்விக்கு விடை தேடும் எழுத்து தமிழில் இன்னும் பெருக வேண்டும்.

ஆயினும் அந்நெறியில் நமக்கொரு பாடம் இருக்கவே செய்கிறது. கிரிவலப் பாதையில் குரங்குகளுக்குத் தின்பண்டம் நீட்டும் கைகளைக் காண்கிறோம். அக்கைகளில் இரக்கம் இருக்கிறது, அறிவு இல்லை. கோடையில் தண்ணீர் தேடி இறங்கி வரும் மான்கள் நாய்களின் வாயில் சிக்குகின்றன, வாகனங்களில் அடிபடுகின்றன. அவற்றுக்கு நம் தின்பண்டம் வேண்டா. மலையில் நீரும், அச்சமின்றித் திரும்பிச் செல்ல வழியும் வேண்டும். விலகி நிற்பதும் அன்பின் ஒரு வடிவமே என்று உணர்த்துவதால்தான் கிருஷ்ணனின் எழுத்து இன்றும் தேவைப்படுகிறது.

வகுப்பின் இறுதி நாளில் அதே பட்டியலை மீண்டும் எழுதச் சொன்னோம். சிங்கம் அப்போதும் முதலிடத்தில்தான் இருந்தது. ஆனால் ஒரு சிறுமி 'அலங்கு' என்று எழுதி, அருகே செதில்களோடு ஒரு படமும் வரைந்திருந்தாள். நம் பங்கு நூலகங்களின் அலமாரிகளில் இவ்விரு ஆசிரியர்களின் நூல்களுக்கும் இடம் தருவோமாக. பிள்ளைகளின் பட்டியலில் நம் மண்ணின் உயிர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர, அது ஒரு வழியாகும்.