அலுவலக மென்பொருளும் தரவுத்தள இணைப்பும்: ஒரு விமர்சனம்

விரிதாள், சொற்செயலி போன்ற அலுவலக மென்பொருள்கள் தம் கோப்புக்கு வெளியே உள்ள தரவுத்தளத்திலிருந்தோ வேறு கோப்பிலிருந்தோ தகவலைப் பெறும் ஏற்பாடு புறத்தரவு இணைப்பு எனப்படும். மைக்ரோசாஃப்ட் எக்செல், வேர்டு, லிபர்ஆபீஸ் கால்க், ரைட்டர் ஆகிய நான்கிலும் இந்த வசதி உண்டு. இதை விளக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் எந்தப் பட்டியைத் திறப்பது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதோடு நின்றுவிடுகின்றன. திரையில் கட்டங்கள் நிரம்பிவிட்டால் இணைப்பு வெற்றி என்று மாணவரும் எண்ணிக்கொள்கிறார். ஆனால் வந்தது முழுமையா, வந்தபடியே இருக்கிறதா, இன்றைய தகவலா, பழைய நகலா என்பதை நிரம்பிய கட்டங்கள் சொல்வதில்லை. இந்த மென்பொருள்களின் பெருங்குறை இந்த மௌனமே.

இங்கிலாந்தில் விடுபட்ட 15,841 பேர்

2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் கொரோனா தொற்று உறுதியானவர்களுள் 15,841 பேர் அன்றாடக் கணக்கில் சேராமல் போயினர். பரிசோதனைக் கூடங்கள் முடிவுகளை சிஎஸ்வி கோப்புகளாக அனுப்பின. பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு அவற்றை எக்செல் வார்ப்புருக்களில் ஏற்றி, அங்கிருந்து மைய அமைப்புக்கும் தொடர்புகளைத் தேடும் குழுவுக்கும் கொண்டுசென்றது. அந்த வார்ப்புருக்கள் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் இருந்தன. அவ்வடிவில் ஒரு தாளில் 65,536 வரிசைகளே கொள்ளும். ஒருவருடைய முடிவே பல வரிசைகளை எடுத்துக்கொண்டதால், ஒரு வார்ப்புருவில் ஏறத்தாழ 1,400 பேரே அடங்கினர். மிஞ்சியவை விடுபட்டன.

தொற்று உறுதியானவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்களோடு பழகியவர்களை எச்சரிக்க வேண்டிய குழுவுக்குத்தான் பெயர்கள் போகவில்லை. இதைப் பின்னர் ஆராய்ந்த பொருளியலாளர்கள் தீமோ ஃபெட்சர், தாமஸ் கிரேபர் இருவரும், விடுபட்ட பெயர்கள் மிகுதியாக இருந்த பகுதிகளில் அடுத்துவந்த வாரங்களில் தொற்றும் இறப்பும் கூடுதலாக இருந்ததாகக் கண்டனர்.

புதிய வடிவத்தைப் பயன்படுத்தியிருந்தால் இது நேர்ந்திருக்காது என்பது பலர் உடனே சொன்ன பதில். 2007 முதல் வந்துள்ள எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் 10,48,576 வரிசைகள் கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் குடம் நிரம்பி வழிந்ததற்குப் பெரிய குடம் வாங்கச் சொல்வது போன்றது அந்தப் பதில். அனுப்பிய வரிசைகள் எத்தனை, வந்துசேர்ந்த வரிசைகள் எத்தனை என்று எந்த இடத்திலும் ஒப்பிடப்படாததே அங்கிருந்த கோளாறு. இரண்டு எண்களை அருகருகே வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

நகலும் இணைப்பும்

சிஎஸ்வி கோப்பைத் திறப்பதையும் தரவுத்தளத்தோடு இணைவதையும் எக்செல் ஒரே பட்டியில், ஒரே தோற்றத்தில் வைத்திருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. சிஎஸ்வியில் எழுத்துகளும் காற்புள்ளிகளும் மட்டுமே உண்டு. ஒரு நெடுவரிசை எண்ணா, உரையா, தேதியா என்ற குறிப்பு அதில் இல்லை. ஆகவே மென்பொருள் ஊகிக்கிறது. எக்செலில் உள்ள பவர் குவெரி, இயல்பு அமைப்பில் முதல் 200 வரிசைகளைப் பார்த்து வகையைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அஞ்சல் குறியீடான 02139 இவ்வாறு 2139 ஆகிவிடும். இந்திய அஞ்சல் குறியீடுகள் பூச்சியத்தில் தொடங்குவதில்லை என்பதால் இங்கு இது அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. சேர்க்கை எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் வரும்போது படும்.

மரபணுப் பெயர்களுக்கு நேர்ந்தது இதைவிட வேடிக்கை. மார்ச்1, செப்ட்2 என்ற குறியீடுகளை எக்செல் மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதிகளாக்கியது. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்பிழை இருந்ததாகக் காட்டியது. 2020-இல் மரபணுப் பெயர்க் குழு பெயர்களையே மாற்றிக்கொண்டது. எக்செல் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் விருப்பத்தேர்வைத் தந்தது 2023-இல்தான். மென்பொருளுக்காக அறிவியல் தன் சொற்களை மாற்றிக்கொண்டது எந்த வகையிலும் பெருமைக்குரியதன்று.

உண்மையான இணைப்பில் இந்த ஊகத்துக்கு வேலை இல்லை. 1992-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஓடிபிசி என்ற பொது இடைமுகத்தின் பயன் அதுவே. நடுவில் இயக்கி எனப்படும் சிறு மென்பொருள் நிற்கிறது. விரிதாள் கேட்பதை அது தரவுத்தளத்துக்குப் புரியும்படி சொல்கிறது. தரவு திரும்பும்போது நெடுவரிசையின் வகையையும் உடன் கொண்டுவருகிறது. தரவுத்தளத்தில் உரையாகப் பதிந்த 02139, உரையாகவே வரும்.

ஆனால் எல்லா இயக்கிகளையும் இப்படிப் புகழ முடியாது. எக்செல் கோப்பையே தரவு மூலமாக வைத்து வேறு மென்பொருளிலிருந்து இணைக்கும்போது, அதற்கான மைக்ரோசாஃப்ட் இயக்கி இயல்பாக முதல் 8 வரிசைகளை மட்டும் பார்க்கிறது. கதவு எண்கள் 14, 15 என்று எட்டு வரிசைகள் எண்களாக இருந்து, பிறகு எங்கோ 16அ என்று வந்தால், அந்தக் கட்டம் வெற்றாக வந்துசேரும் வாய்ப்பு உண்டு. பிழைச் செய்தி எதுவும் வராது.

இதற்கு நேர்மாறானது, பயனர்கள் அதிகம் திட்டும் 32, 64 பிட் சிக்கல். 64 பிட் அலுவலக மென்பொருளுக்கு 32 பிட் இயக்கி பொருந்தாது. விண்டோஸில் 64 பிட் ஓடிபிசி நிர்வாகக் கருவி சிஸ்டம்32 என்ற உறையிலும், 32 பிட் கருவி சிஸ்வாவ்64 என்ற உறையிலும் இருப்பது குழப்பத்தின் உச்சம். இரண்டின் கோப்புப் பெயரும் ஒன்றே. இருந்தாலும் இந்தக் குறையை மன்னிக்கலாம். இயக்கியும் செயலியும் பொருந்தவில்லை என்று அது வாய்விட்டுச் சொல்கிறது. யாரும் தவறான தகவலோடு வீட்டுக்குப் போவதில்லை.

எந்தத் திசையில் ஓடுகிறது?

எக்செலில் வந்திறங்கிய தரவு ஒருவழிப் பாதையில் வந்தது. அதில் ஒரு தொலைபேசி எண்ணைத் திருத்தினால் அத்திருத்தம் தரவுத்தளத்துக்குப் போகாது. அடுத்த புதுப்பித்தலில் பழைய எண் திரும்ப வந்து உட்காரும். திருத்தியவருக்கு எச்சரிக்கை இல்லை. கோப்பைத் திறக்கும்போதே புதுப்பிக்கும் தேர்வும் இயல்பாக அணைந்தே இருக்கும். ஆகவே மூன்று மாதத்துக்கு முந்தைய எண்களை இன்றைய எண்களாகப் படித்து ஒருவர் முடிவெடுக்க முடியும். தரவு எப்போது வந்தது என்ற நாளையும் நேரத்தையும் அட்டவணையின் தலைப்பிலேயே காட்ட இவ்வளவு பெரிய மென்பொருளுக்குத் தோன்றவில்லை.

லிபர்ஆபீஸின் அணுகுமுறை வேறு. பேஸ் என்ற கூறின் வழியாகத் தரவு மூலத்தை ஒருமுறை பதிவுசெய்துவிட்டால், கால்க்கிலும் ரைட்டரிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்4 விசைகளை அழுத்தி அதைப் பார்க்கலாம். மேலே திறக்கும் அந்தப் பகுதியில் செய்யும் திருத்தம் நேரே தரவுத்தளத்துக்குப் போகும். அங்கிருந்து இழுத்துக் கீழே தாளில் போட்டது வெறும் நகல். ஒரே சாளரத்தில் மேல்பாதி உயிருள்ளது, கீழ்பாதி நிழல். பழகியவருக்கு இது அருமையான வசதி. புதியவருக்கு அடையாளம் காட்டும் கோடோ நிறமோ இல்லை. முதன்மைச் சாவி இல்லாத அட்டவணையை பேஸ் திருத்த விடாது என்பது நல்ல விதியே. காரணம் சொல்லாமல் பொத்தான்களை மங்கவைப்பதுதான் பயனரை அலைக்கழிக்கிறது.

பேஸ் கோப்புக்குள்ளேயே தரவை வைக்கும் பழைய ஹெச்எஸ்க்யூஎல்டிபி முறையைத் தவிர்ப்பது நல்லது. முழுத் தரவும் ஒரே சுருக்கப்பட்ட கோப்புக்குள் அடைபட்டிருப்பதால், மூடும் தறுவாயில் மின்சாரம் போனால் இழப்பு நேரலாம்.

தமிழ்த் தரவு

தமிழில் தரவு வைத்திருப்பவருக்கு இந்த மௌனம் கூடுதல் செலவு வைக்கிறது. விண்டோஸில் தமிழுக்கென ஆன்சி குறிமுறைப் பக்கமே கிடையாது. ஒருங்குறி ஒன்றே வழி. யுடிஎஃப்-8 குறிமுறையில் உள்ள சிஎஸ்வி கோப்பு, தொடக்கக் குறி இல்லாமல் இருந்து, இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறக்கப்பட்டால், முத்துலட்சுமி என்ற பெயர் ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தெரியும். பார்ப்பவர் பதறினாலும், சேமிக்காமல் மூடிவிட்டுக் குறிமுறையைச் சரியாகத் தேர்ந்து மீண்டும் ஏற்றினால் பெயர் திரும்பிவிடும்.

கேள்விக்குறிகள் அப்படியல்ல. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்துக்கான ஓடிபிசி இயக்கி, ஆன்சி, யூனிகோடு என்று இரண்டு பெயர்களில் பட்டியலில் நிற்கும். அகர வரிசையில் ஆன்சி முன்னால் வருவதால் அவசரக்காரர் அதையே தேர்ந்துவிடுவார். அப்போது தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக வந்துசேரும். பார்ப்பதோடு நின்றால் தரவுத்தளத்தில் பெயர் பத்திரமாகவே இருக்கும். அதே இணைப்பில் ஒரு தமிழ்ப் பெயரைத் தட்டச்சிட்டுச் சேமித்தால், தரவுத்தளத்தில் பதிவது கேள்விக்குறிகள்தாம். அவற்றிலிருந்து மூல எழுத்தை மீட்க எந்தக் கருவியாலும் இயலாது. முதன்முறை இணைக்கும்போது, படிக்கும் அனுமதி மட்டும் உள்ள பயனர் பெயரில் நுழைந்து, தமிழ்ப் பெயர் ஒன்றைத் தேடிப் பார்த்து, இருபுறமும் வரிசைகளை எண்ணிச் சரிபார்த்த பிறகே எழுதும் அனுமதியைத் திறக்க வேண்டும்.