விரயமும் வீடும்: இரு சோவியத் படைப்புகள் பற்றிய ஒரு நோக்கு

பொதுமக்களுக்கான வீடமைப்பில், தொழிற்சாலையில் முன்வார்த்த பகுதிகளையும் டொயோட்டா வழிவந்த ‘விரய நீக்க’ முகாமைத்துவத்தையும் இணைத்தல் வேண்டும் என்பது இன்று பொறியியலாளர் பலரின் கருத்தாகும். காத்திருப்பும் களஞ்சியக் குவிப்பும் வீண்நகர்வும் ஒழியின் வீடு மலிவாகும். இது மறுக்கற்பாலதன்று. ஆயின் எது விரயம் என்பதைத் தீர்மானிப்போர் யாவர்?

சோவியத் ஒன்றியம் இவ்வினாவை முன்னரே எதிர்கொண்டது. கட்டட நிர்மாணத்தில் ‘மிகைகளை’ ஒழிக்கும் தீர்மானம் 1955இல் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து ஐந்து மாடிக் கொங்கிறீற் குடியிருப்புகள் எழுந்தன. சுவர்த்துண்டங்களை நிலத்திற் குவிக்காது, லொறியிலிருந்தே பாரந்தூக்கியால் எடுத்துப் பொருத்துவதை அங்குள்ளோர் ‘சக்கரத்திலிருந்து பொருத்துதல்’ என்றனர். பல குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பகிர்ந்த நிலைமாறி, கோடிக்கணக்கானோர் தனிக்கதவுடைய வீடு பெற்றனர். இதனை ஏளனம் செய்வோர் அப்பொதுச் சமையலறையில் ஒருநாளேனும் சமைத்திரார். எனினும் புதிய சமையலறை 5, 6 சதுர மீற்றராகக் குறுகியதும் சிக்கனமென்றே கொள்ளப்பட்டது. லொறியின் காத்திருப்பைக் குறைத்தலும் சமைப்பவளின் இடத்தைக் குறைத்தலும் ஒரே கணக்கில் வைக்கத்தக்கனவா?

ஷொஸ்தகோவிச் இசையமைத்து 1959இல் அரங்கேறிய ‘மொஸ்கோ, செரியோமுஷ்கி’ என்னும் இசைநாடகம் இப்புதுக் குடியிருப்பையே களமாகக் கொண்டது. அதில் அதிகாரி ஒருவர் அயல்வீட்டுச் சுவரை உடைத்துத் தம் வீட்டைப் பெருப்பிக்க முனைகிறார். சிக்கனம் எல்லார்க்கும் பொதுவன்று என்பதை நாடகம் கூர்மையாகவே காண்கிறது. ஆயின் பொய்யரை உண்மைபேச வைக்கும் மாயத்தோட்டமொன்றால் முரண்பாட்டைத் தீர்ப்பது, தீர்க்காமைக்குச் சமமாகும்.

ரியசானோவின் ‘விதியின் விளையாட்டு’ 1976 புத்தாண்டு நாளில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. மதுமயக்கத்தில் லெனின்கிராட் சென்றடைந்த மொஸ்கோ மருத்துவன், தன் தெருப்பெயரே கொண்ட தெருவில், தன் திறப்பாலேயே பிறர் வீட்டைத் திறக்கிறான். வீடுகளின் ஒருமை தனிமனிதத்தை அழிக்கிறது என இதற்குப் பொருள்கொள்வது மேலோட்டமானது; அவ்வீட்டினுள்ளேதான் அவர்கள் பாடுகிறார்கள், காதல் கொள்கிறார்கள். படத்தின் கூரிய பகுதி, தொடக்கத்திலுள்ள கேலிச்சித்திரமே. கட்டடக்கலைஞன் வரைந்த அழகிய மாளிகை, அலுவலரின் கையொப்பங்களைக் கடக்கையில் ஒவ்வோர் அணியாக இழந்து வெறும் பெட்டியாகிறது. அவ்வரைபடத்தின்மீது குடியிருக்கப்போவோர் எவரும் கைவைப்பதில்லை.

டொயோட்டாவில் பழுது கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தித் தொடரை நிறுத்தலாம். செரியோமுஷ்கியில் குடியிருப்பவளுக்கு அத்தகைய கயிறு இருக்கவில்லை. தொழிலாளியின் கயிறுங்கூடப் பழுதைச் சுட்டவே உதவும். எதனை, யாருக்காக ஆக்குவது என்று கேட்க உதவாது.