கை ஒழியாத பயணம்

தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' தமிழில் பெரிதும் கொண்டாடப்பட்ட ரயில் கதை. ஒரு தகப்பன் தன் சின்னப் பையனோடு ரயிலில் வருகிறார். அதே பெட்டியில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்குப் போகிறாள். ஆசையாக வைத்திருந்த ஆரஞ்சைப் பையன் அவளிடம் கொடுத்துவிடுகிறான். தகப்பனுக்கு மெய் சிலிர்க்கிறது. வகுப்பில் நடத்தும்போது எனக்கும் சிலிர்க்கத்தான் செய்கிறது. ஜானகிராமனின் எழுத்து அப்படி. ஆனாலும் மாணவிகளிடம் நான் கேட்பது இது: இந்தப் பெட்டியில் யாருடைய கை ஒழிந்திருக்கிறது?

தாய் பெட்டியில் இல்லை. தகப்பனுக்கு வேடிக்கை பார்க்க, பேச்சுக் கொடுக்க, நெகிழ அவகாசம் இருக்கிறது. ஊர் வந்ததும் அவரும் பையனும் இறங்கிவிடுகிறார்கள். சிறுமி இறங்குவதில்லை. அவளுடைய உழைப்பு ரயில் நின்ற பிறகுதான் தொடங்கப்போகிறது. கதை அதற்குள் முடிந்துவிடுகிறது.

புதுச்சேரியிலிருந்தும் ஹவுராவுக்கு வாரம் ஒரு ரயில் உண்டு; முப்பது மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணம். மகளுக்கு இரண்டு வயது நடக்கையில் ஒரு கருத்தரங்குக்காக அதில் போனேன். கிடைத்தது நடு பெர்த். வழியில் திருத்தலாம் என்று எடுத்துப்போன கட்டுரைத் தாள்கள் சிந்திய தயிர்சாதத்தைத் துடைக்க உதவின. கழிவறைக்குப் போவதுதான் பெரும்பாடு. ஆடும் பெட்டியில், ஈரத் தரையில், இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் எப்படிப் புடவையையோ சுடிதாரையோ சமாளிப்பாள்? தண்ணீர் குடிப்பதையே குறைத்தேன். கடைசியில் எதிர் இருக்கை அம்மாள்தான், "குடும்மா, நான் வச்சிருக்கேன். நீ போயிட்டு வா" என்று கை நீட்டினார். அந்த இரண்டு கைகளைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரிகள் கூடவில்லை.

ரயில்வேயின் கீழ் பெர்த் ஒதுக்கீட்டில் முதியோருக்கும் 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இடமுண்டு. பிரசவமானதும் பெண் அந்தப் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறாள். வயிற்றில் இருக்கும்வரை அரசு பார்க்கிற பாரம், இடுப்புக்கு ஏறியதும் அவள் சொந்தப் பாடாகிவிடுகிறது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை என்பது சலுகையாம். தனி பெர்த்தும் இல்லை என்பது அதன் மறுபக்கம். இலவசமாகப் போகிற அந்த உடம்பு யாருடைய பெர்த்தில் பாதியை எடுத்துக்கொள்கிறது?

2022 மே மாதம், அன்னையர் தினத்தையொட்டி, லக்னோ மெயிலில் சோதனை முயற்சியாகக் குழந்தை பெர்த் ஒன்றைப் பொருத்தினார்கள். கீழ் பெர்த்தோடு மடக்கி விரிக்கும்படி இணைத்த பலகை, 77 செ.மீ. நீளம், 25.5 செ.மீ. அகலம். ஒரு வயதுக் குழந்தையின் உயரமே ஏறக்குறைய அவ்வளவு வரும். செய்தி பரவலாகக் கொண்டாடப்பட்டது. யோசனை நல்லதே, மறுக்கவில்லை. அன்னையர் தினத்துக்கு என்பதுதான் உறுத்துகிறது. தகப்பன் பக்கத்து பெர்த்தில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட வடிவமைப்பு அது.

சென்ற ஆண்டு ஒரு மாணவி 'சிலிர்ப்பு' கதையை அந்தச் சிறுமியின் பக்கமிருந்து எழுதிக்கொண்டு வந்தாள். அதில் ஆரஞ்சைப் பற்றிப் பேச்சே இல்லை. விஜயவாடா தாண்டியும் தூங்காத, யாரோ ஒருவரின் கைக்குழந்தை அவள் மடியில் கிடந்தது.