எட்டு வாரம்

பெண்ணியம் பேசுகிற உங்கள் வீட்டுக்குள் முகம் வெளுக்கிற களிம்பு எப்படி வந்தது என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "அது மங்குக்கு, டாக்டர் எழுதிக் கொடுத்தது" என்று சொல்லியிருப்பேன். முதல் எட்டு வாரத்துக்கு அந்தப் பதில் உண்மை.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னங்களிலும் மேலுதட்டுக்கு மேலும் எனக்கு மங்கு படர்ந்தது. குழந்தை பால் மறந்ததும் தோல் மருத்துவரிடம் போனேன். மூன்று மருந்துகள் கலந்த களிம்பு ஒன்றை எழுதினார்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு. "ராத்திரி மட்டும் போடுங்க, எட்டு வாரம் கழிச்சு வாங்க." அவ்வளவுதான் பேச்சு. எட்டு வாரத்தில் மங்கு நன்றாகவே குறைந்தது. களிம்பு பட்ட சுற்றுத் தோலும் வெளுத்திருந்தது. கல்லூரியில் உடன் வேலை பார்ப்பவர்கள் "என்ன மேடம், கலர் வந்துட்டீங்க" என்றார்கள். நான் மருத்துவரிடம் திரும்பப் போகவில்லை, மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். முதல் தடவை பழைய சீட்டைக் காட்டினேன். மூன்றாவது தடவை கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே டியூபை எடுத்து வைத்துவிட்டார். இப்படிப் பதினான்கு மாதம்.

இதற்கிடையில் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "சித்தி, உங்களுக்கு மட்டும் எப்படி?" என்று கேட்டாள். ஒரு டியூபை எடுத்துக் கொடுத்தேன். அவளுக்கு மங்கு கிடையாது. எங்கள் அம்மாவின் மாநிறம் அவளுக்கு. தினமும் ராத்திரி முகம் முழுக்கப் பூசினாள்.

இந்தக் களிம்பின் அட்டைப் பெட்டிக்குள் பல மடிப்பாக ஒரு காகிதம் இருக்கும். பிரதிகளை எப்படி வாசிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற நான் அதைப் பிரித்து வாசித்தது எல்லாம் கெட்ட பிறகுதான். எறும்பு எழுத்து, முழுக்க ஆங்கிலம். அந்தக் காகிதம் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்லிவிடவேண்டும். மங்குக்கு என்கிறது. குறுகிய காலத்துக்கு மட்டும் என்கிறது. கர்ப்பிணிகளுக்கு ஆகாது, வெயில் படக்கூடாது என்கிறது. ஒருத்தியின் பிறவி நிறத்தை மாற்றுவதற்கு என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் அது பேசுவதெல்லாம் மருத்துவரோடு. முகத்தில் பூசப்போகிறவளை அது வாசகியாகவே நினைக்கவில்லை. மருத்துவர் சொல்லிவிடுவார் என்று காகிதம் இருக்கிறது, காகிதத்தில் இருக்கிறதே என்று மருத்துவர் இருக்கிறார், கடைக்காரருக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறார். கடைசியில் முகம் கெட்டுப்போய் நிற்கும்போது, "இவ்வளவு நாள் யார் உங்களைப் போடச் சொன்னது?" என்ற கேள்வி அவளிடம்தான் வருகிறது. மருத்துவ எழுத்தில் இதற்கு 'ஸ்டீராய்டு துஷ்பிரயோகம்' என்று பெயர். அந்தச் சொல்லில் எழுவாய் இல்லை. இருந்தாலும் பிரயோகித்தவள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

இந்தக் கலவையின் மூல சூத்திரம் 1975-இல் வெளிவந்தது. பிலடெல்பியாவின் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனும் வில்லிஸும் எழுதிய கட்டுரை. 5 சதவீத ஹைட்ரோகுவினோன், 0.1 சதவீத ட்ரெட்டினாயின், 0.1 சதவீத டெக்ஸாமெத்தசோன். கட்டுரையின் தலைப்பே மனிதத் தோலின் நிறத்தை நீக்குவதற்கான புதிய சூத்திரம் என்றுதான் சொல்கிறது. ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகளின் தோலில் சோதனைகள் நடத்திய அதே கிளிக்மன்தான் இவர். அந்தக் கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பிலடெல்பியா நகரம் அதற்கு மன்னிப்புக் கேட்டது 2022-இல். அதே 1975-இல்தான் இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில், ஹைட்ரோகுவினோன் களிம்பை நெடுநாள் பூசியவர்களின் கன்னங்களில் கருநீலத் திட்டுகள் வருவதை ஃபிண்ட்லே என்ற மருத்துவரின் குழு பதிவுசெய்தது. ஐ.நா. சர்வதேச மகளிர் ஆண்டாக அறிவித்திருந்ததும் 1975-ஐத்தான்.

ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று மாறியபோது நாம் நிறைய எழுதினோம். நானும் ஒரு கட்டுரை எழுதினேன். அதை எழுதிய ராத்திரிகளில் என் முகத்தில் இந்தக் களிம்பு இருந்தது. விளம்பரங்களை வாசிப்பதில் நமக்குத் தேர்ச்சி உண்டு. கடைத் தட்டில் உள்ள அழகு கிரீமைத் திட்டத் தெரியும். மருந்துச்சீட்டோடு வருவதைத் திட்டத் தெரியாது, அது அறிவியல் என்று ஒதுங்கிவிடுவோம். கறுப்பும் அழகு என்ற பிரசாரங்களின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் கையில் டியூபோடு கண்ணாடி முன்னால் நிற்கிறவளுக்கு அந்த வாசகம் எத்தனை நாளில் நிறுத்தவேண்டும் என்று சொல்லாது.

எனக்கு யாராவது சொல்லியிருக்கவேண்டியதை இங்கே சொல்கிறேன். நிறமி உண்டாக்கும் செல்கள் எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. நம் தோலில் அவை சீக்கிரம் சீண்டப்படும். ஒரு கொசுக்கடி, ஒரு பரு, ஒரு சிராய்ப்பு, எல்லாமே மாதக்கணக்கில் கறுப்புத் தடம் விட்டுப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். மருந்தின் எரிச்சலும் அதே மாதிரித் தடம் விடும். "எரிஞ்சாத்தான்க்கா வேலை செய்யுது" என்றார் என் மெடிக்கல் கடைக்காரர். எரிந்து, சிவந்து, உரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேட்கவேண்டும் என்பதுதான் சரி.

கலவையில் ஸ்டீராய்டு இருப்பதற்கு முக்கியமான காரணம் மற்ற இரண்டின் எரிச்சலை அடக்குவது. அதுவே தோலை வேகமாக வெளிறச் செய்கிறது, பருவையும் தற்காலிகமாக அமுக்குகிறது. அதனால்தான் நான்காவது வாரத்தில் எல்லோரும் "பளிச்னு இருக்கே" என்கிறார்கள். மாதங்கள் போகப்போகத் தோல் மெலிந்து ரத்தக்குழாய்கள் தெரியும், பருக்கள் கிளம்பும், கன்னத்தில் பூனைமுடி வளரும். நிறுத்தினால் முகம் சிவந்து காந்தும். மறுபடி பூசினால் அடங்கும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள்: 'ஸ்டீராய்டால் சேதமான முகம்'. வெளுப்பான பெண்ணை 'சிவப்பு' என்று சொல்கிற மொழி நம்முடையது. சிவப்பாக ஆசைப்பட்ட முகம் நிஜமாகவே சிவந்துபோவதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன்.

ஹைட்ரோகுவினோனின் கருநீலத் திட்டு இன்னும் மோசமான வஞ்சகம். பார்வைக்கு மங்கு மாதிரியே இருக்கும். மங்கு கூடுகிறது என்று நினைத்து அவள் இன்னும் அதிகமாகப் பூசுவாள். அது ஒருமுறை வந்தால் போக்குவது மிகக் கடினம்.

ஆகவே, மருத்துவர் இந்தக் களிம்பை எழுதினால் நிறுத்தும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். எட்டு வாரம், மிஞ்சினால் பன்னிரண்டு, அதற்குள் ஒருமுறையாவது அவர் உங்கள் முகத்தைப் பார்க்கவேண்டும். ராத்திரியில், கழுவி உலர்ந்த முகத்தில், மங்கின் மேல் மட்டும் மெல்லிசாகப் பூசவேண்டும். கண்ணோரம், உதட்டோரம் வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலோ அதற்கு முயற்சி செய்துகொண்டிருந்தாலோ, பால் கொடுத்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதினான்கு மாதம் பூசியவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே தூக்கி எறியவேண்டாம். எப்படி விடுவது என்பதற்கும் மருத்துவர் வேண்டும்.

பகலில் சன்ஸ்கிரீன் இல்லாவிட்டால் ராத்திரி போட்டது வீண். நம் தோலில் மங்கைக் கிளப்புவது புற ஊதாக் கதிர் மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும்தான். அதைத் தடுக்க இரும்பு ஆக்சைடு சேர்ந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் வேண்டும். நான் வாங்கிய முதல் மூன்றும் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் முகத்தில் நின்றன. அவற்றைத் தயாரித்தவர்கள் யார் முகத்தை மனதில் வைத்திருந்தார்கள் என்று யோசித்துக்கொண்டேன்.

மங்கு வைத்தியத்துக்கு ஓர் எல்லை உண்டு. மங்கு இல்லாத இடத்தில் உங்கள் தோல் என்ன நிறமோ, அந்த நிறத்துக்கு மங்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது. அதைத் தாண்டி ஒரு மாத்திரை அளவு வெளுத்தாலும் அது வைத்தியக் கணக்கில் வராது. என் மருத்துவர் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்றும் என்னால் உறுதியாகச் சொல்லமுடியவில்லை. "கலர் வந்துட்டீங்க" என்ற சொல் காதில் விழுந்த அந்த மத்தியானம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. நான் வாங்கியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அக்கா மகளுக்குக் கல்யாண ஆல்பத்தில் முகம் ஒரு நிறம், மருதாணிக் கை ஒரு நிறம். தேனிலவுக்குப் போன இடத்தில் களிம்பை மறந்து வைத்துவிட்டுப் போனதால் நான்கே நாளில் முகம் காந்த ஆரம்பித்தது. மாமியார் வீட்டில் "பொண்ணு பார்க்க வந்தப்ப இப்படி இல்லையே" என்றார்களாம். ஒன்பது மாதம் வைத்தியம் பார்த்தோம். அக்கா என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இருக்கிறது.

எனக்கு இப்போது பார்க்கிற மருத்துவர் ஸ்டீராய்டு இல்லாத அசெலாயிக் அமிலக் களிம்பு கொடுத்திருக்கிறார். மெதுவாக வேலை செய்யும் என்றார். நிறுத்தும் தேதி கேட்டேன், சிரித்துக்கொண்டே பெட்டியின் மேல் பேனாவால் எழுதிக் கொடுத்தார். மங்கு பாதி திரும்பி வந்திருக்கிறது.