முன்சீப்பின் சிரிப்பு

சிம்மக்கல்லில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் சிலர் கூடுவது வழக்கம். அதைச் சங்கம் என்று சொல்ல முடியாது. சந்தா கிடையாது, தலைவர் கிடையாது, தீர்மானம் நிறைவேற்றும் ஆசையும் யாருக்கும் இல்லை. ஒரு புத்தகத்தை எல்லோரும் வாசித்துவிட்டு வர வேண்டும். மனத்தில் பட்டதைச் சொல்ல வேண்டும். சுண்டலும் காப்பியும் தீர்ந்ததும் கலைய வேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு. சித்திரைத் திருவிழா முடிந்த பிறகு கூடிய கூட்டத்துக்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வைத்துக்கொண்டோம். புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். அதற்காக வசவும் வாங்கினேன்.

1879ல் வெளிவந்த இந்தப் புத்தகந்தான் தமிழின் முதல் நாவல் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்திருப்பதால்தான் யாரும் வாசிப்பதில்லை. ஒரு மார்க்குக் கேள்விக்கு விடையாகிவிட்ட புத்தகத்தைப் போலத் துரதிர்ஷ்டம் பிடித்தது வேறு எதுவும் இல்லை. ஆகவே எங்கள் நண்பர்களை ஆசை காட்டி இழுப்பதற்காக, "ஒரு கிறிஸ்தவர் எழுதிய ஹாஸ்யமான காதல் கதை" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் உண்மைதான். மூன்றையும் சேர்த்துச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

ஒருவர் வேதநாயகம் பிள்ளையைத் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் என்று எண்ணிக்கொண்டு, 'பெத்லகேம் குறவஞ்சி'யைப் படித்துவிட்டு வந்திருந்தார். அவருக்கு முதலில் சுண்டல் கொடுத்து உட்கார வைத்தோம்.

பசுமலைப் பக்கத்திலிருந்து வரும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். புத்தகத்தின் ஓரமெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டு வருபவர். அவர்தான் ஆரம்பித்தார். "கிறிஸ்தவர் எழுதினதுன்னு சொன்னீங்க. நானும் கடைசிப் பக்கம் வரைக்கும் தேடினேன். ஒரு கோயில் மணி அடிக்கலை, ஒரு போதகர் வரலை, ஒருத்தரும் வேதத்தைத் திறக்கலை. முதலியார் வீடு, முதலியார் கலியாணம், முதலியார் சண்டை. தன் விசுவாசத்தை வீட்டிலே வச்சுட்டு வந்து எழுதின மாதிரி இருக்கே, ஐயா!"

அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. அதனால் உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய இளம் பிராயத்தில் அவர்கள் வீட்டில் நாவலே உள்ளே வரக்கூடாதாம். 'மோட்சப் பயணம்' ஒன்றுக்குத்தான் அனுமதி. கதை என்றால் ஆத்துமா ஒன்று நாச நகரத்தை விட்டுப் புறப்பட்டு மோட்சத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அப்படி வளர்ந்தவர், தம்மவர் ஒருவர் எழுதிய முதல் நாவலை அறுபது வயதுக்கு மேல் ஆசையோடு திறக்கிறார். உள்ளே பார்த்தால் யானை மாலை போட்டு ராஜாவைத் தேர்ந்தெடுக்கிறது!

கூட்டத்தில் இளைஞர் ஒருவருக்கு நேர் எதிரான புகார். திருமங்கலத்தில் மருந்துக் கடை வைத்திருப்பவர். "மதம் இல்லைன்னு யார் சொன்னது? பக்கத்துக்குப் பக்கம் பிரசங்கம். கதை ஓடிக்கிட்டிருக்கும்போதே நிறுத்திட்டு, பொய் சொல்லக் கூடாது, தாயை மதிக்கணும், சுத்தமா இருக்கணும்னு ஆரம்பிச்சுடறாரு. நான் பாதியைத் தாண்டித் தாண்டித்தான் படிச்சேன்" என்றார். தாண்டிப் படித்ததை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்ளும் வாசகர் கிடைப்பது அரிது.

இருவர் சொன்னதும் சரிதான். வேதநாயகம் பிள்ளை 1826ல் திருச்சிப் பக்கத்துக் குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஜில்லா முன்சீப்பாக இருந்து, மாயூரம் என்ற ஊர்ப் பெயரே தம் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்படி அங்கே வாழ்ந்தவர். 'நீதி நூல்' எழுதி நீதி சொன்னார். 'பெண்மதி மாலை' எழுதிப் பெண் கல்விக்கு வாதாடினார். நாவலுக்கு அடுத்தாற்போல் முந்தின வருஷம், 1878ல், அவர் வெளியிட்ட கீர்த்தனைகளுக்கு வைத்த பெயர் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'. எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து பாடலாம் என்று கீர்த்தனை எழுதியவர், எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து சிரிக்கலாம் என்று ஒரு கதை எழுதினால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? இதை நான் சொன்னபோது ஆசிரியர் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை.

பிரசங்கத்தைப் பற்றி முன்சீப் முன்னுரையிலேயே வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்க வேண்டும், குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் வேண்டிய நல்லொழுக்கங்களைக் கதை மூலம் காட்ட வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆங்கில அறிஞர் ஜான்சனின் கருத்தைப் பின்பற்றி, முக்கியமான பாத்திரங்களைக் குற்றமே இல்லாத நல்லவர்களாகப் படைத்திருப்பதாகவும் சொல்கிறார். நாவலாசிரியன் என்ற முறையில் எனக்கு இந்த இடத்தில் வயிற்றைக் கலக்குகிறது. குற்றமே இல்லாதவனை வைத்துக்கொண்டு ஒரு சிறுகதை எழுதுவதே கஷ்டம். இவர் நாவல் முழுவதையும் அப்படி எழுதுகிறேன் என்கிறார்!

நல்ல வேளையாக, தாம் போட்ட சட்டத்தை அவரே மீறிவிட்டார். கதையைச் சொல்கிறவன் பிரதாப முதலியார். பணக்கார வீட்டுப் பிள்ளை. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள். அவனை அடிக்கக் கூடாது என்பது வீட்டு உத்தரவு. ஆகையால் அவன் செய்யும் தப்புக்கெல்லாம் உபாத்தியாயர் தம் சொந்த மகன் கனகசபையை அடிக்கிறார். படிப்பு இவனுக்கு, அடி அவனுக்கு. இப்படி ஆரம்பிக்கும் கதாநாயகனைக் குற்றமற்றவன் என்று எந்த ஜான்சன் ஒப்புக்கொள்வார்? பெரியவனான பிறகும் அவன் போகிற இடமெல்லாம் அகப்பட்டுக்கொள்கிறான். அவனை மீட்பவள் மனைவி ஞானாம்பாள்.

எங்கள் கூட்டத்தில் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் சிரித்தது விக்கிரமபுரிச் செருப்பு வழக்குக்குத்தான். வழி தவறி அந்த ஊருக்குள் வரும் பிரதாபன், அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுக்கிறான். கூலி எவ்வளவு என்று பேசாமல், உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்கிறான். வேலை முடிந்ததும் காசு கொடுத்தால், எனக்குச் சந்தோஷம் வரவில்லை என்கிறான் செருப்புத் தைப்பவன். மேலும் கொடுத்தாலும் வரவில்லை. வழக்கு நியாயஸ்தலத்துக்குப் போய், பிரதாபன் சிறைக்குப் போகிறான். பின்னால் ஆண் வேஷத்தில் வரும் ஞானாம்பாளுக்கு யானை மாலை சூட்ட, அவள் ராஜாவாகிறாள். செருப்புத் தைப்பவனைக் கூப்பிட்டு, நான் பட்டத்துக்கு வந்ததில் உனக்குச் சந்தோஷமா என்று கேட்கிறாள். ராஜாவின் முகத்துக்கு நேரே இல்லை என்று எவன் சொல்லுவான்? சந்தோஷந்தான் என்கிறான். பேசின கூலி வந்து சேர்ந்துவிட்டது, வழக்கு முடிந்தது!

இது நாடோடிக் கதைச் சரக்கு என்று மருந்துக் கடைக்காரர் சொன்னார். இருக்கட்டும். ஆனால் அதைச் சொல்லும் தோரணை நாடோடியுடையது அல்ல; கச்சேரியில் வருஷக்கணக்காக உட்கார்ந்து, ஒரு சொல்லுக்கு இரண்டு கட்சிக்காரர்களும் இரண்டு அர்த்தம் சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒருவருடைய தோரணை. நியாயஸ்தலத்தில் தமிழே வழங்க வேண்டும் என்று அதே நாவலில் அவர் காரசாரமாக வாதாடுகிறார். ஜனங்களுக்குப் புரியாத பாஷையில் ஜனங்களுக்கு நியாயம் வழங்குவது அவருக்குப் பொறுக்க முடியாத அநீதி. அதே சமயம் அடக்க முடியாத வேடிக்கை. வேடிக்கை முதலில் வந்ததா, கோபம் முதலில் வந்ததா என்று பிரிக்க என்னால் முடியவில்லை.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவர் நெல் வியாபாரம். அன்று அதிகம் பேசியவரும் அவரே. பிரதாபனுடைய தைரியம், பெருந்தன்மை என்று கால் மணி நேரம் பாராட்டினார். அவர் மூச்சு விட நிறுத்திய இடத்தில் அந்த அம்மாள் மெல்லக் கேட்டார்: "கதை அவரு பேர்ல இருக்கு. ஆனா நடத்துறது பூரா அந்தம்மாதானே? அவரு மாட்டிக்கிறாரு, அந்தம்மா வந்து மீட்குது. அதையும் அவரே சிரிச்சுக்கிட்டே நம்மகிட்டச் சொல்றாரு. தன்னைவிடப் பொண்டாட்டி கெட்டிக்காரின்னு ஒரு ஆம்பளை இவ்வளவு சந்தோஷமாச் சொல்லி நான் எங்கேயும் கேட்டதில்லீங்க."

மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

நான் பல வருஷமாக இந்த நாவலைப் பற்றி எழுத நினைத்து எழுதாமல் விட்டதற்குக் காரணம், இதில் காதல் எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபடாததுதான். காதலர்கள் உருகுவதில்லை. நிலாவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதில்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வறட்டுப் பிடிவாதத்தால் சண்டை போட்டுக் கலியாணத்தை நிறுத்தும்போதுகூடப் பக்கம் பக்கமாக அழுவதில்லை. அந்த அம்மாள் ஒரே வார்த்தையில் இடத்தைக் காட்டிவிட்டார். காதல் சம்பாஷணையில் இல்லை. கதை சொல்லும் குரலில் இருக்கிறது. தான் தோற்று அவள் ஜெயித்த இடங்களைத் தேடிப் பிடித்து, அசூயை ஒரு துளியும் இல்லாமல், ரசித்து ரசித்துச் சொல்லும் கணவனின் குரல். அந்தக் குரலுக்குச் சிரிப்பு அவசியம். சிரிக்காமல் அதே கதையைச் சொல்லியிருந்தால் புலம்பலாகப் போயிருக்கும், அல்லது இன்னொரு பிரசங்கமாகியிருக்கும். என்னுடைய தொடர்கதை ஒன்றில் காதல் கட்டத்தில் வந்த கேலியை எடுத்துவிடுங்கள், கெடுக்கிறது என்று ஒரு பத்திரிகைக்காரர் சொன்னார். நானும் எடுத்துத் தொலைத்தேன். இப்போது அந்த அத்தியாயத்தைப் படிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

மதுரைக்காரர்கள் கூடினால் ராஜமய்யர் வராமல் இருப்பாரா? வத்தலக்குண்டில் பிறந்தவர், 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிவிட்டு, 26 வயதில் காலமாகிவிட்டார். "நம்மாள் புத்தகம் இதைவிட நூறு மடங்கு மேல்" என்றார் வீட்டுக்காரர். கலை என்று பார்த்தால் நானும் ஆமாம் என்பேன். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை வாயைத் திறந்தாலே சிரிப்பு வருகிறது. ராஜமய்யருடைய மனிதர்கள் பேச்சிலேயே உயிரோடு நிற்கிறார்கள். முன்சீப்பின் மனிதர்கள் சம்பவத்தில் மாட்டினால்தான் உயிர் பெறுகிறார்கள், சம்பவம் முடிந்ததும் மறுபடி நீதி நூலாகிவிடுகிறார்கள். ஆனால் ராஜமய்யரின் பாதை சிரிப்பில் தொடங்கி வேதாந்தத்தில் போய் முடிகிறது. முன்சீப் கடைசி வரையில் வீட்டுக்குள்ளேயே, இல்வாழ்க்கைக்குள்ளேயே நிற்கிறார். அதற்காக எனக்கு அவரிடம் ஒரு தனிப் பிரியம்.

பசுமலை ஆசிரியர் காப்பி டம்ளரை வைத்துவிட்டு, "'விகார் ஆஃப் வேக்ஃபீல்ட்' படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். கோல்ட்ஸ்மித் 1766ல் வெளியிட்ட நாவல். அதில் கதை சொல்கிறவரே ஒரு பாதிரியார். அவரும் வறட்டு விவாதத்தால் மகன் கலியாணத்தைக் கெடுத்துக்கொள்கிறார், ஏமாறுகிறார், கடனுக்காகச் சிறைக்கும் போகிறார். அத்தனையையும் தம் வாயாலேயே சொல்கிறார். "எங்க அப்பா காலேஜில் படிச்ச புஸ்தகம். வீட்டிலே நாவல் கூடாதுன்னவரு, அதை மட்டும் பெட்டியிலே வச்சிருந்தாரு. படிச்சுட்டுத் தனியாச் சிரிப்பாரு. அப்போ எனக்குப் புரியலை" என்றார். இந்தப் பிரதாபனும் அந்தப் பாதிரியாருக்குத் தூரத்துச் சொந்தம் போலிருக்கிறது என்று சொல்லி, பென்சில் குறிகளை மறுபடி புரட்டினார். கோயில் மணியைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை. 1887ல் வந்த 'சுகுண சுந்தரி' என்னிடம் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தார். அதில் இவ்வளவு சிரிப்பு கிடையாது என்று எச்சரித்தேன். பரவாயில்லை என்றார்.

கலைந்து படியிறங்கும்போது மேலூர் நெல் வியாபாரி புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் போனார். அந்த அம்மாள் என்னருகே நின்று தாழ்ந்த குரலில் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க. இவுக இன்னும் பாதிதான் வாசிச்சிருக்காக. அந்தம்மா ராஜாவாகுற இடத்துக்கு இன்னும் வரலை."